“ஒன்றுமில்லை” என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்; மீண்டும் போகலாமா?

வாசகியின் கடிதம் (சுருக்கம்)

முதல் கர்ப்பத்தின் 35ஆவது வாரத்தில் இருக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நான்கு நாட்களுக்கு முன்பு மாலையிலிருந்தே அவருக்கு விடாத தலைவலி. இரவு நெருங்கியபோது வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே அழுத்துவது போன்ற வலியும் சேர்ந்துகொண்டது. குழந்தையின் அசைவும் வழக்கத்தைவிடக் குறைவாக இருப்பதாகத் தோன்றியது. இரவு ஒன்பதரை மணிக்குக் கணவருடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றிருக்கிறார். “கர்ப்பிணிகளை இங்கே பார்ப்பதில்லை, பிரசவப் பிரிவுக்குப் போங்கள்” என்று அங்கே சொல்ல, “பிரசவ வலி இல்லையே, அவசரப் பிரிவில்தான் காட்ட வேண்டும்” என்று பிரசவப் பிரிவில் திருப்பி அனுப்ப, இரண்டுக்கும் நடுவே நடந்திருக்கிறார். பிறகு மூன்று மணி நேரத்துக்கும் மேலாக நாற்காலியில் காத்திருப்பு. பின்னால் வந்தவர்கள் முன்னால் அழைக்கப்பட்டார்கள். ஒரே ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்தார்கள், 142/92 இருந்தது. “பதற்றத்தில் ஏறியிருக்கும்” என்றார் செவிலியர். கடைசியில் வந்த மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, கையடக்க டாப்ளர் கருவியால் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டு, “துடிப்பு நன்றாக இருக்கிறது, இது அமிலத் தொல்லைதான், ஒன்றுமில்லை” என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். சிறுநீர்ப் பரிசோதனை செய்யவில்லை, ரத்த அழுத்தத்தை மறுமுறை பார்க்கவில்லை, கையில் எந்தச் சீட்டும் கொடுக்கவில்லை.

இப்போது தலைவலி குறைந்திருந்தாலும் முழுதாகப் போகவில்லை. வயிற்று வலி வந்து வந்து போகிறது. வழக்கமான பரிசோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. “மீண்டும் போனால் என்னைத் தொல்லை கொடுப்பவள் என்று நினைக்க மாட்டார்களா? புகார் கொடுக்க எனக்கு உரிமை உண்டா? கொடுத்தால் அதே மருத்துவமனையில் பிரசவத்தின்போது பழிவாங்குவார்களா? டாக்டரே ஒன்றுமில்லை என்ற பிறகு ஏன் கிளறுகிறாய் என்று கணவர் கேட்கிறார், அவர் சொல்வது சரியா?” என்பவை அவருடைய கேள்விகள்.

மகப்பேறு மருத்துவரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பச் சொன்னேன். ஒன்பது நாள் காத்திருக்காதீர்கள், இன்றைக்கே ரத்த அழுத்தத்தைப் பார்த்து, சிறுநீர், ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். இங்கே நான் எழுதுகிற மற்ற எல்லாமே அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகின்றன. புகார் கொடுப்பதா, மருத்துவமனையை மாற்றுவதா என்பதையெல்லாம் நிதானமாக முடிவு செய்யலாம். விடாத தலைவலியையும் வலப்பக்க மேல்வயிற்று வலியையும் 35ஆவது வாரத்தில் தள்ளிப்போட முடியாது.

அந்த இரவில் விடுபட்டவை

உங்கள் தரப்பை மட்டும் கேட்டுவிட்டு, நான் பார்த்திராத ஒரு மருத்துவரைக் குற்றவாளியாக்குவது முறையல்ல. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நெஞ்செரிச்சலும் மேல்வயிற்று எரிச்சலும் மிகச் சாதாரணமானவை. வளரும் கருப்பை இரைப்பையை மேலே தள்ளுகிறது. புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் உணவுக்குழாயின் அடிப்பகுதித் தசையைத் தளர்த்திவிடுகிறது. ஆகவே அமிலத் தொல்லையாக இருக்கலாம் என்று அவர் நினைத்ததில் பிழை இல்லை. நினைத்ததோடு நிறுத்திக்கொண்டதுதான் பிழை.

ஏனென்றால், 20 வாரம் கடந்த ஒரு பெண்ணுக்கு விடாத தலைவலியும் வலப்பக்க மேல்வயிற்று வலியும் 140/90க்கு மேற்பட்ட ரத்த அழுத்தமும் ஒரே இரவில் சேர்ந்து வந்தால், முதலில் விலக்கப்பட வேண்டியது ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற நிலை. நஞ்சுக்கொடியிலிருந்து தொடங்கி, தாயின் ரத்தக்குழாய்களின் உட்சுவரைப் பாதித்து, சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று பல உறுப்புகளையும் தொடக்கூடிய நோய் இது. உலக அளவில் கர்ப்பங்களில் 2 முதல் 8 சதவீதம் வரை இதற்கு ஆளாகின்றன. முதல் கர்ப்பத்தில் வாய்ப்பு சற்று அதிகம். இதில் கல்லீரல் வீங்கும்போது அதைச் சுற்றியுள்ள உறை இழுபட்டு வலப்பக்க விலா எலும்புக்குக் கீழேயோ நடுமேல்வயிற்றிலோ வலி தோன்றுகிறது. இந்த வலி வாயுத் தொல்லை என்றும் அமிலத் தொல்லை என்றும் தவறாக எடுத்துக்கொள்ளப்படுவது மகப்பேறு மருத்துவத்தில் எல்லோரும் அறிந்த ஒரு கண்ணி. ரத்த சிவப்பணுக்கள் சிதைந்து, கல்லீரல் நொதிகள் உயர்ந்து, தட்டணுக்கள் குறையும் ‘ஹெல்ப்’ என்ற கடுமையான வடிவத்தில், சிலருக்கு ரத்த அழுத்தம் பெரிதாக ஏறாமலேயே இந்த வலி மட்டும் முன்னால் வந்து நிற்பதும் உண்டு. அமில மாத்திரை போட்டதும் கொஞ்சம் தணிந்தது என்பதை வைத்துக்கொண்டும் இதை விலக்கிவிட முடியாது.

உங்களுக்கு அந்த நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லப் போதுமான பரிசோதனை நடக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்; இரண்டும் வேறு வேறு. 142/92 என்ற ஒரே அளவை வைத்து நோயை உறுதி செய்யவும் முடியாது. குறைந்தது 4 மணி நேர இடைவெளியில் இரு முறை 140/90 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், கூடவே சிறுநீரில் புரதமோ உறுப்புப் பாதிப்பின் அடையாளமோ இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான வரையறை. அதனால்தான் மறுமுறை பார்ப்பது கட்டாயமாகிறது. நீங்கள் அங்கே காத்திருந்த நேரமே கிட்டத்தட்ட அந்த இடைவெளிக்குப் போதுமானதாக இருந்தது என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது. 160/110 என்ற அளவைத் தொட்டுவிட்டால் நான்கு மணி நேரம் பார்த்திருக்கக் கூடாது. சில நிமிடங்களில் மறுபடி அளந்து உறுதி செய்து, 30 முதல் 60 நிமிடங்களுக்குள் மருந்து தொடங்க வேண்டும்.

பதற்றத்தால் ரத்த அழுத்தம் ஏறுவது உண்மைதான். ஆனால் அப்படி ஏறியதா என்பதை நோயாளியின் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. முதுகைச் சாய்த்து உட்காரவைத்து, கால்களைத் தரையில் ஊன்றச் செய்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கவிட்டு, கை இதய மட்டத்தில் இருக்கும்படி வைத்து, கையின் பருமனுக்கேற்ற பட்டையைக் கட்டி மறுபடி அளந்தால், பதற்றமாக இருந்தால் இறங்கும்; நோயாக இருந்தால் பெரும்பாலும் இறங்காது. பதற்றம் என்பது மற்றவற்றையெல்லாம் விலக்கிய பிறகு கடைசியில் வர வேண்டிய காரணம். இரவுப் பணியில் அது ஏனோ முதலிலேயே வந்துவிடுகிறது, அதிலும் நோயாளி ஒரு பெண்ணாக இருந்தால் இன்னும் சீக்கிரமாக.

குழந்தையின் அசைவு பற்றிய உங்கள் கவலையும் பாதியில் விடப்பட்டிருக்கிறது. குழந்தையின் இயல்பான இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை. கையடக்க டாப்ளரில் அந்தத் துடிப்பைக் கேட்பது, வாசலில் நின்று வீட்டுக்குள் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதைப் போன்றது. உள்ளே இருப்பவர் நலமாக இருக்கிறாரா என்பதை அது சொல்லாது. அசைவு குறைந்ததாகத் தாய் சொன்னால், வயிற்றில் பட்டை கட்டி ஏறக்குறைய 20 நிமிடமாவது துடிப்பின் ஏற்ற இறக்கத்தைத் தாளில் பதிவு செய்யும் சி.டி.ஜி. பரிசோதனை வேண்டும், தேவைப்பட்டால் பனிக்குட நீரின் அளவையும் வளர்ச்சியையும் காட்டும் ஸ்கேனும் வேண்டும். “மாதம் நிறைய நிறைய இடம் குறைவதால் அசைவும் குறையும் என்று படித்திருக்கிறேன், அதனால் நானே பெரிதுபடுத்தவில்லை” என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறான நம்பிக்கை. உதைப்பது புரள்வதாக, உருள்வதாக மாறலாம். ஆனால் உங்கள் குழந்தைக்கென்று ஒரு வழக்கமான அசைவு இருக்கிறதே, அது பிரசவம் வரைக்கும், பிரசவ வலி வந்த பிறகும்கூடத் தொடர வேண்டும். வயிற்றில் குழந்தை ஒரு தடவையில் 20 முதல் 40 நிமிடம் வரை உறங்கும். 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது.

பின்னால் வந்தவர் முன்னால் போனது ஏன்?

உங்கள் கோபத்தில் பெரும்பகுதி இதன்மேல்தான் இருக்கிறது. இதில் மட்டும் மருத்துவமனையின் பக்கமாகக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் வரிசை என்பது வந்த நேரத்தைப் பொறுத்ததல்ல, ஆபத்தின் அளவைப் பொறுத்தது. மூச்சுத் திணறலோடு வந்தவர், மாரடைப்போடு வந்தவர், ரத்தப்போக்கோடு வந்தவர் ஆகியோர் உங்களுக்குப் பிறகு வந்து முன்னால் போவது சரிதான். நாளை உங்களுக்கே அந்த முறை உதவக்கூடும்.

ஆனால் அந்த முறையிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. பொது அவசரப் பிரிவில் நோயாளிகளைத் தரம் பிரிக்கும் அளவுகோல்கள் பெரும்பாலும் கர்ப்பிணி அல்லாதவர்களை மனத்தில் வைத்து உருவானவை. 50 வயது ஆண் ஒருவருக்கு 142/92 இருந்தால் அது அன்றிரவுக்கான அவசரமே இல்லை. 35 வாரக் கர்ப்பிணிக்குத் தலைவலியோடு அதே அளவு இருந்தால் அது அவசரம். இந்த வேறுபாட்டைக் கவனத்தில் கொண்டுதான் பிரிட்டனில் ‘பர்மிங்காம்’ மகப்பேறு வகைப்படுத்தல் முறையும், அமெரிக்காவில் ஐந்து நிலைகள் கொண்ட தாய்-சேய் வகைப்படுத்தல் அட்டவணையும் தனியாக உருவாக்கப்பட்டன. பர்மிங்காம் முறையில், வந்த 15 நிமிடத்துக்குள் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் கர்ப்பிணியை முதலில் பார்த்துவிட வேண்டும் என்பது குறிக்கோள். எத்தனை மணி நேரம் காத்திருந்தீர்கள் என்பதைவிட, அந்த முதல் பார்வை சரியாக நடந்ததா என்பதுதான் உங்கள் புகாரின் மையமாக இருக்க வேண்டும்.

இரண்டு பிரிவுகளும் உங்களைப் பந்தாடியதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. பல மருத்துவமனைகளில் 20 வாரத்துக்கு மேல் என்றால் மகப்பேறு பிரிவு என்பது போன்ற ஓர் எல்லை வகுக்கப்பட்டிருக்கும். எங்கே அது எழுதப்படாமல் இருக்கிறதோ அங்கே கர்ப்பிணி நடந்துகொண்டே இருப்பார். ஒரு பிரிவு உங்களை மற்றதற்கு அனுப்புவதானால், ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, அங்கே தொலைபேசியில் சொல்லிவிட்டு, கூட ஓர் ஊழியரை அனுப்பியிருக்க வேண்டும்.

தொல்லை கொடுப்பவர் என்று நினைத்தால்?

நினைத்துவிட்டுப் போகட்டும் என்பது என் குறுகிய பதில். சற்று விரிவாகச் சொன்னால், அவசரப் பிரிவிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது அந்த மணி நேரத்தில் தெரிந்தவற்றை வைத்து எடுக்கும் முடிவு. அடுத்த நாளுக்கு அது செல்லாது. ப்ரீ-எக்லாம்ப்சியா காலையில் இல்லாமல் இருந்து மாலையில் தெளிவாகத் தெரியக்கூடிய நோய். ஆகவே முழுப் பரிசோதனையும் செய்து எல்லாம் சரியாக இருந்து உங்களை அனுப்பியிருந்தாலும்கூட, அறிகுறி தொடர்ந்தாலோ மாறினாலோ திரும்பி வரச் சொல்லித்தான் அனுப்பியிருக்க வேண்டும். அரைகுறையாகப் பார்த்து அனுப்பிய பிறகு திரும்பிப் போகத் தயங்குவது, அவர்களுடைய குறைக்கு நீங்கள் ஈடு கொடுப்பதாகிவிடும். ஒரே அறிகுறிக்காக ஒரு கர்ப்பிணி இரண்டாவது முறையும் வந்தால், அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு மூத்த மருத்துவர் பார்க்க வேண்டும் என்பதே நல்ல பிரிவுகளின் நடைமுறை.

கீழ்க்கண்டவற்றில் எது வந்தாலும், நேரம் பார்க்காமல் போக வேண்டும்:

• மருத்துவர் சொன்ன அளவு பாரசிட்டமால் எடுத்தும் போகாத தலைவலி. கண்ணில் மின்னல், புள்ளிகள், மங்கல்.

• வலப்பக்க அல்லது நடு மேல்வயிற்று வலி, முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம், வலிப்பு.

• குழந்தையின் அசைவில் குறைவு அல்லது மாற்றம்.

• ரத்தப்போக்கு, அல்லது வயிறு கல்லைப் போல் இறுகி விடாமல் வலித்தல். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரியும்போது வெளியே ரத்தம் தெரியாமலும் இருக்கலாம்.

• நீர் உடைதல், குறிப்பாக அது பச்சையாகவோ நாற்றத்துடனோ இருத்தல், காய்ச்சல்.

• மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இரவில் அதிகமாகும் அரிப்பு இருந்தால் அன்றோ மறுநாளோ காட்டிவிட வேண்டும். அது கர்ப்பகாலக் கல்லீரல் கோளாறின் அடையாளமாக இருக்கலாம்.

வீட்டில் வைத்துக்கொள்ள டாப்ளர் கருவி வாங்கலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பழக்கமில்லாத கையில் அது தாயின் ரத்தக்குழாய்த் துடிப்பையோ நஞ்சுக்கொடியின் ஓசையையோ குழந்தையின் துடிப்பாகக் காட்டிவிடும். அந்தப் பொய் நிம்மதியில் மணிக்கணக்காக வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக, மேல்கையில் கட்டும் வகையிலான, கர்ப்பிணிகளுக்கு ஏற்றதென்று சோதிக்கப்பட்ட ரத்த அழுத்தக் கருவி ஒன்றை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது நம்பகமானதல்ல. வீட்டில் எடுக்கும் அளவு 135/85ஐ எட்டினாலே மருத்துவரை அழைக்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு மேலே இருக்கும் கையில் அளந்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். தலைவலிக்கென்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளை நீங்களாக எடுக்கக் கூடாது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் அவை குழந்தையின் இதயத்தோடு இணைந்த ஒரு ரத்தக்குழாயை முன்கூட்டியே சுருக்கக்கூடும்.

அங்கே போனதும் எப்படிச் சொல்வது

“உடம்புக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது, பயமாக இருக்கிறது” என்று சொல்லத்தான் யாருக்கும் வாய் வரும். வரவேற்பு மேசையில் இருப்பவர் அதிலிருந்து எதையும் எழுத முடியாது. வாரம், அறிகுறி, எண், வேண்டுகோள் என்ற வரிசையில் சொல்லுங்கள். “35 வாரக் கர்ப்பம். நான்கு நாட்களாகத் தலைவலி, வலப்பக்க மேல்வயிற்றில் வலி. அன்று பிபி 142/92, இன்று வீட்டில் இவ்வளவு. ப்ரீ-எக்லாம்ப்சியா இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.” இந்த நான்கு வாக்கியங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனால், வலியில் குரல் தடுமாறினாலும் தாள் தடுமாறாது. உடன் வருபவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். கர்ப்பகாலப் பதிவேடு, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், முந்தைய ரத்த அழுத்த அளவுகள் ஆகியவையும் கையில் இருக்க வேண்டும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் உங்களுக்கு 100/60 இருந்திருந்தால், இப்போதைய 142/92 இன்னும் கனமான செய்தி.

முடிந்தால் கிளம்பும்போதே பிரசவப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். யாரிடம் பேசினீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும்போது வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, வாந்தி வந்தாலோ, மேசைக்குப் போய் “நிலைமை மாறியிருக்கிறது, மறுபடி பாருங்கள்” என்று சொல்லுங்கள். முதல் தரம்பிரிப்பு நிரந்தரமானதல்ல. நிலைமை மாறினால் அதுவும் மாற வேண்டும். கோபத்தில் பார்க்கப்படாமலேயே எழுந்து வந்துவிடாதீர்கள். அன்றிரவு அப்படி எழுந்து நின்றோம் என்று எழுதியிருக்கிறீர்கள். உட்கார்ந்துவிட்டது நல்லதாயிற்று, ஏனென்றால் அந்த ஒரு ரத்த அழுத்த அளவாவது இன்று நம் கையில் இருக்கிறது.

அனுப்பும்போது மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். எந்தெந்தப் பரிசோதனை நடந்தது, முடிவு என்ன என்ற எழுத்துச் சீட்டு. எந்த நோய்களை விலக்கினார்கள் என்ற விளக்கம். என்ன வந்தால், எத்தனை மணி நேரத்துக்குள், எந்தக் கதவுக்குத் திரும்பி வர வேண்டும் என்ற அறிவுரை. “அமிலத் தொல்லை அல்லாமல் வேறு எதுவாக இருக்கலாம், அதை எப்படி விலக்கினீர்கள்?” என்ற கேள்வியை மரியாதையாகக் கேட்டால், நல்ல மருத்துவர் எவரும் முகம் சுளிக்க மாட்டார், அந்தக் கேள்வியே சில நேரம் அவரை மறுபடி யோசிக்க வைக்கும்.

உரிமைகளும் புகாரும்

நான் வழக்கறிஞர் அல்லன். சட்டங்களும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. ஆனால் அவசர நிலையில் தாமதமின்றிப் பரிசோதிக்கப்படுவது, என்ன செய்கிறார்கள் என்பது விளக்கப்படுவது, சம்மதிக்கவோ மறுக்கவோ செய்வது, வேறு மருத்துவரின் கருத்தைக் கேட்பது, தம் மருத்துவப் பதிவுகளின் பிரதியைப் பெறுவது ஆகியவை பெரும்பாலான இடங்களில் நோயாளியின் உரிமைகளாக ஏதோ ஒரு வடிவில் ஏற்கப்பட்டிருக்கின்றன. உங்கள் முதல் வேலை அந்தப் பதிவின் பிரதியை எழுத்து மூலம் கேட்பதுதான். அன்றிரவு வந்த நேரம், ரத்த அழுத்தம், மருத்துவர் பார்த்த நேரம் ஆகியவை அதில் எப்படி எழுதப்பட்டுள்ளன என்று பார்த்த பிறகே எதையும் எழுதுங்கள். அதே சமயம், நினைவு மங்குவதற்குள் உங்களுக்குத் தெரிந்தவற்றைத் தேதி, மணி வாரியாக இன்றே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

புகாரால் என்ன வேண்டும் என்பதையும் முதலில் நீங்களே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். விளக்கமா, மன்னிப்பா, இனி ஒருவருக்கு இப்படி நேராமலிருக்க நடைமுறை மாற்றமா, இழப்பீடா? முதல் மூன்றுக்கும் மருத்துவமனையின் குறைதீர்ப்புப் பிரிவுக்கோ கண்காணிப்பாளருக்கோ அனுப்பும் ஒரு பக்கக் கடிதம் போதும். பதில் வராவிட்டால் மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் அமைப்புக்குப் போகலாம். இழப்பீட்டுக்கோ, கவனக்குறைவு மட்டுமல்லாமல் அதனால் விளைந்த பாதிப்பையும் நிறுவ வேண்டியிருக்கும். கால வரம்பும் உண்டு. பாதிப்பு ஏதும் இல்லாத நிலையில் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருந்தால், வழக்கறிஞரிடம் சீக்கிரம் போக வேண்டும்.

கடிதத்தில் “அலட்சியமானவர்கள்”, “மனிதாபிமானமற்றவர்கள்” போன்ற சொற்களைத் தவிர்த்து, நடந்ததையும் நடக்காததையும் மட்டும் எழுதுங்கள். “தலைவலியும் மேல்வயிற்று வலியும் சொன்ன 35 வாரக் கர்ப்பிணிக்கு 142/92 பதிவான பிறகு மறு அளவீடும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யப்படவில்லை; இரு பிரிவுகளும் என்னை ஒன்றுக்கொன்று திருப்பி அனுப்பின” என்ற வாக்கியத்துக்குப் பதில் சொல்வது அவர்களுக்குக் கடினம். “என்னை மதிக்கவில்லை” என்பதற்குப் பதில் சொல்வது எளிது.

பழிவாங்குவார்களா என்ற அச்சத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. அதிகாரம் முழுதும் ஒரு பக்கமாக இருக்கும் இடத்தில் அப்படித் தோன்றுவது இயல்பு. என் அனுபவத்தில், எழுத்துப் புகார் பதிவான நோயாளியிடம் பிரசவப் பிரிவு கூடுதல் கவனமாகவே நடந்துகொள்கிறது. இருந்தாலும் மனம் ஒப்பவில்லை என்றால் பரிசோதனைகளை இப்போதே முடித்துக்கொண்டு, புகாரைப் பிரசவத்துக்குப் பிறகு அனுப்புங்கள். சில வாரத் தாமதத்தால் அது வலுவிழக்காது.

மருத்துவமனையை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் கோபத்தால் வேண்டாம். கடைசி வாரங்களில் புதிய இடத்துக்குப் போனால், உங்களைப் பற்றி ஒன்றுமறியாத மருத்துவர்களிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். பதிவுகள் வந்து சேரவும் நாளாகும். உங்களை இதுவரை பார்த்துவந்த மகப்பேறு மருத்துவர்மீது நம்பிக்கை இருக்கிறதென்றால், அவரிடமே நடந்ததைச் சொல்லி, இரவில் நேராக எங்கே வர வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது பல நேரங்களில் மாறுவதைவிடப் பயன் தரும். அங்கே இரவில் மகப்பேறு மருத்துவரே இல்லை, குறைமாதக் குழந்தையைப் பார்க்கும் வசதி இல்லை என்பது போன்ற காரணம் இருந்தால் உடனே மாறிவிடுங்கள்.

பரிசோதனையில் ப்ரீ-எக்லாம்ப்சியா என்று தெரியவந்தால் என்ன ஆகும் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரியாததை நினைத்து அஞ்சுவதைவிட அது மேல். இதற்கு உண்மையான தீர்வு பிரசவம்தான். நிலைமை கடுமையாக இல்லாவிட்டால் கண்காணிப்புடன் 37ஆவது வாரம் வரை கொண்டுபோவார்கள். கடுமையான அறிகுறிகள் இருந்தால் 34 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் காத்திருப்பதில்லை. ரத்த அழுத்தத்துக்கு லேபட்டலால், நிஃபெடிபின் போன்ற மருந்துகளும், வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்ஃபேட்டும் தரப்படும். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002இல் முடிவு வெளியான ஆய்வில், மக்னீசியம் சல்ஃபேட் வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைத்தது தெளிவானது. பிரசவம் என்றாலே அறுவைதான் என்றும் இல்லை. பலருக்கு மருந்தால் வலி வரவழைத்து இயல்பாகவே நடக்கிறது.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. மருத்துவர் சொல்வதை நம்ப வேண்டும் என்ற அவருடைய எண்ணம் தவறல்ல. ஆனால் அந்த மருத்துவர் சொன்னது நான்கு நாட்களுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் பற்றி. வலி இருப்பதோ இன்று. அடுத்த முறை அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் நின்று, ரத்த அழுத்தம் மறுபடி அளக்கப்பட்டதா என்று கேட்பதுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றும் மீதமிருக்கிறது. குழந்தை பிறந்தவுடன் இந்த ஆபத்து முடிந்துவிடுவதில்லை. ப்ரீ-எக்லாம்ப்சியா பிரசவத்துக்குப் பிறகு புதிதாகவும் தோன்றலாம், பெரும்பாலும் முதல் வாரத்தில், அரிதாக ஆறு வாரம் வரைக்கும். அப்போது அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் உங்களைப் பார்த்து நீங்கள் அண்மையில் பிரசவித்தவர் என்று யாரும் ஊகிக்க மாட்டார்கள். பெயரைச் சொல்வதற்கு முன்பே “பிரசவமாகி இத்தனை நாள் ஆகிறது” என்று சொல்லுங்கள்.